சந்தனம் பூசிய எண்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் புத்தகங்கள் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் மொத்தமாக அலமாரியை விட்டு வெளியே வரும். அது சரஸ்வதி பூஜை நாள். அன்றைக்கு யாரும் எதையும் படிக்கக் கூடாது. மற்ற நாளெல்லாம் படிக்கலாம், ஆனால் அலமாரி பூட்டியிருக்கும். இதில் இருந்த வேடிக்கையை நான் எடுத்துச் சொன்னபோது ஆசிரியைகளில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒருவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் எங்கள் தலைமையாசிரியை.

பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். தனியாக இருக்கும்போது மட்டும் நான் அக்கா என்பேன். அப்படிக் கூப்பிடச் சொன்னதே அவர்தான். சேலத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் தையல் டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். வேலை தற்காலிகம். ஒவ்வொரு கோடை விடுமுறை வரும்போதும், திறக்கும்போது நம் இடம் இருக்குமா என்று கவலையாக இருக்கும். இடம் போனால் நாமக்கல் பக்கத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருஷமே என் வீட்டுக்காரர் மேட்டூர் அணை வேலையில் இருந்தபோது விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் என்னை ஒரு குறையும் சொல்லமாட்டார். அண்ணி சொல்லாமலே சொல்லுவார்.

பெரிய டீச்சர் சிரித்த அன்று சாயங்காலமே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடின மறுவருஷம் அது. ஊரில் எதை எடுத்தாலும் சீர்திருத்தம் என்ற பேச்சாகவே இருந்தது. பள்ளிக்கூடங்களிலும் புத்தகசாலைகளைத் திருத்த வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். சென்னையில் கோடை விடுமுறையில் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இருந்தால் பள்ளிக்கூடத்துக்குத் தனி மானியமும் நூலகர் என்று நிரந்தர வேலையும் கிடைக்கும் என்றார்.

"நீ போயிட்டு வா. இந்த வேலை உனக்குத்தான்," என்றார்.

நான் அப்போது என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதிருப்பேன். அந்தக் காலத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தாலும் அழுகைதான் வரும்.

அண்ணன் சம்மதிக்கவில்லை. "படிச்சது போதாதா சாமி? தனியாப் பட்டணத்துல போய் என்ன பண்ணுவே?" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பெரிய டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு மாட்டு வண்டி பிடித்து, அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. அண்ணி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைக்காமலே சொன்னார்: "உங்க தங்கச்சிக்கு நான் பொறுப்பு. போயிட்டு வந்தா நிரந்தர உத்தியோகம். இது என் வார்த்தை."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்ன சொல்லைப் பத்திரத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் எழுந்து நின்று, "சரிங்கம்மா, நீங்க சொன்னா அப்பறம் என்னங்க," என்று கும்பிட்டார். அவர் போன பிறகு அன்றைக்கு முழுக்க அண்ணன் அதையே பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்து அம்மா நம் வீடு தேடி வந்தார் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

சென்னைக்குப் போனேன். வகுப்பில் பெண்கள் கைவிரலில் அடங்குவோம். பாடம் இங்கிலீஷில் நடக்கும். முதல் வாரம் பாதி புரியவில்லை. புத்தகங்களுக்கு எண் போட்டுப் பிரிப்பது எப்படி, அந்த எண்ணைச் சின்னத் தாளில் எழுதிப் புத்தகத்தின் முதுகில் ஒட்டுவது எப்படி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை எழுதி இழுப்பறையில் வரிசையாக வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எனக்குத் தலை சுற்றும். ஒரு நாள் சமையற்கட்டை நினைத்துக்கொண்டேன். அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே, வெந்தயம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரியாத பெண் உண்டா? அதே சங்கதிதான். அதற்கப்புறம் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அங்கே சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் மெலிந்த மனிதர், அதட்டிப் பேசமாட்டார். ஒரு நாள் எங்களை அலமாரிகளுக்கு முன்னால் நிறுத்தி, கையில் இருந்த ஒரு புத்தகத்தை எங்கள் கண் முன்னாலேயே தப்பான வரிசையில் செருகினார். "இது தொலைந்துபோன புத்தகம். அலமாரிக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் தொலைந்துவிட்டது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை புத்தகமும் அந்தக் கணக்கில் தொலைந்ததுதான் என்று தோன்றியது.

நான் திரும்பி வந்தபோது மாம்பழக் காலம் முடிந்துவிட்டது. பெரிய டீச்சர் தன் வீட்டில் வைக்கோலுக்குள் ஒரு பழத்தை எனக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஒரு பக்கம் கொஞ்சம் அழுகிவிட்டது. அந்தப் பக்கத்தை அரிந்துவிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுத்தார். கூடப் பிறந்த அக்கா இருந்திருந்தால் இப்படித்தான் செய்வாள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்தப் பழத்தின் ருசியை என்னால் குறை சொல்ல முடியவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

வேலை ஆரம்பமாயிற்று. எங்களுக்கு இருந்த அலமாரிகள் ஊரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி கொடுத்தவை. பள்ளிக்கூடக் கமிட்டியில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. ஒவ்வொரு அலமாரியின் நெற்றியிலும் அவர் பெயர் புத்தகத்தின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். அட்டைகளுக்கு நல்ல கெட்டிக் காகிதம் சென்னையிலிருந்து வரவழைக்க வசதி இல்லை. முதலாளி கடையில் சேலை மடிப்புக்குள் வைக்கிற அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அதைக் கேட்டு வாங்கி வந்தேன். தையல் கத்திரியால் அளவு பார்த்து வெட்டினேன். தையல் டீச்சராக இருந்ததில் அந்த ஒரு லாபம். இழுப்பறையைத் திறந்தால் புதுச்சேலை வாசனை வரும்.

புத்தகங்களுக்கெல்லாம் பழுப்புக் காகித உறை போட்டிருந்தது. உறைகளை எடுத்துவிடலாம் என்றேன். அழுக்காகிவிடும், முதலாளி கோபித்துக்கொள்வார் என்று பெரிய டீச்சர் சொன்னதால் விட்டுவிட்டேன். உறையின் மேலேயே, முதுகுப் பக்கம், வெள்ளைத் தாள் ஒட்டி, நீல மையில் எண்ணும் பெயரும் எழுதினேன். மைதாப் பசை காய்ச்சிக் காய்ச்சி என் கையெல்லாம் தோல் உரிந்தது.

சாயங்காலம் பிள்ளைகள் போனதும் பெரிய டீச்சர் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வார். "எனக்கும் சொல்லிக் குடு. நானும் கத்துக்கிறேன்," என்பார். ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எண் பிரிக்கிற விதம், அட்டை எழுதுகிற விதம், பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வாங்குகிற விதம். அஞ்சறைப் பெட்டி உவமையைச் சொன்னதும் கையைத் தட்டிக்கொண்டு, "அடி சக்கை! இதை நான் எங்கேயாவது சொல்லுவேன்," என்றார். தொலைந்த புத்தகத்தின் கதையையும் சொன்னேன். கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் போதும். தலைமையாசிரியையே தரையில் உட்கார்ந்து என்னிடம் பாடம் கேட்கிறார் என்று எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

பிறகு அலமாரிப் பூட்டுகளை எடுத்தோம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் தாங்களே வந்து, தாங்களே பார்த்து, தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. முதல் நாள் ஒருத்தியும் கை நீட்டவில்லை. வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். புத்தகத்தைத் தொட்டால் அடி விழும் என்று பழகிய கைகள். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, பயந்துகொண்டே ஒன்றை உருவி எடுத்துப் பிரித்தாள். அவளை யாரும் அடிக்கவில்லை என்று தெரிந்ததும் மற்றதுகள் உள்ளே பாய்ந்தன. ஒரே வாரத்தில் அந்த அறையில் என் குரலே எனக்குக் கேட்காத சத்தம். என் வாழ்நாளில் நான் செய்தவற்றில் இதுதான் உருப்படியான காரியம் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி ஒரே ஒரு படி பாக்கி. பெண்கள் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்க்கிற இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து பார்த்து, சரி என்று எழுதிவிட்டால் நூலகர் வேலைக்கு உத்தரவாகும். நான் நிரந்தரமாவேன். சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றே வருவதாகத் தகவல் வந்தது.

எனக்கு உடனே பூஜையைப் பற்றித்தான் கவலை வந்தது. வழக்கமாக அன்றைக்கு எல்லாப் புத்தகத்தையும் கூடத்துக்குக் கொண்டுபோய் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் எடுத்து வைப்பார்கள். நான் வரிசையாக வைத்திருந்ததைக் கலைத்தால் திரும்ப அடுக்க நேரமில்லை. பெரிய டீச்சரிடம் போனேன்.

"இந்த வருஷம் அகராதி ஒண்ணு மட்டும் பூஜைக்கு வெச்சாப் போதுங்க அக்கா. சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா. மத்ததை யாரும் தொட வேண்டாமுங்க."

"நான் எதுக்கு இருக்கேன்? ஒரு புத்தகத்தை ஒருத்தி தொட மாட்டா. நீ நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வா."

ஊருக்குப் போனேன். அண்ணன் ஏர், வண்டி, மண்வெட்டி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துப் பூஜை போட்டார். "அடுத்த வாரம் எந்தங்கச்சிக்கு வேலை நிலையாவுது," என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அண்ணிகூட அன்று எனக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினார்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று விடியற்காலையில் முதல் பஸ் பிடித்தேன். நேரே புத்தக அறைக்குத்தான் போனேன். கதவைத் திறந்ததும் சந்தன வாசனை வந்தது. அலமாரிகளைப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? பெரிய புத்தகங்கள் இடது ஓரம், அதற்கடுத்து நடுத்தரம், அப்புறம் சின்னது. கோவில் படிக்கட்டு மாதிரி ஒரே சீராக இறங்கியது. ஒவ்வொன்றின் முதுகிலும் குங்குமக் கறை. என் வெள்ளைத் தாள்களில் எண்ணைக் காணோம், பெயரைக் காணோம். நீல மை கரைந்து, மஞ்சளும் சிவப்புமாக ஒரு குழம்பு.

அப்படியே அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெருக்க வந்த ஆயா என்னைப் பார்த்துத் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஏனுங்க டீச்சர், ஒடம்புக்கு என்னுங்க?" என்றாள். இதை யார் செய்தது என்று கேட்டேன்.

"நாந்தானுங்க தூக்குனேன். பெரிய டீச்சர் சொன்னாங்க. மொதலாளி குடும்பத்தோட பூசைக்கு வாராருங்க, அவரு குடுத்த அலமாரியில இருக்கறதை எல்லாம் சாமிகிட்ட வைக்கோணும்னாங்க. சரிஞ்சு உழுந்துடக் கூடாதுன்னு பெருசெல்லாம் அடியில, சிறுசு மேலே அடுக்குனமுங்க. புள்ளைங்க சந்தனம் வெச்சுதுங்க. நேத்து நானு ஈரத்துணி போட்டு நல்லாத் தொடச்சு, பெருசு சிறுசு பாத்துத்தானுங்க அலமாரியில வெச்சிருக்கேன்."

அடுக்கின புத்தகத்தில் வெளியே தெரிவது முதுகு மட்டும்தான். சந்தனம் வைப்பதென்றால் அங்கேதான் வைக்க வேண்டும். பயபக்தியுள்ள பிள்ளைகள், ஒன்றைக்கூட விடவில்லை. ஈரத்துணி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. புத்தகத்தைத் தெய்வமென்று கும்பிடுகிற நம் ஜனங்களுக்கு மட்டுமே இப்படி ஒரு நாசம் செய்ய வரும். நான் யாரைக் கோபிப்பது? ஆயாவையா, சரஸ்வதியையா?

பெரிய டீச்சர் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். "முதலாளி திடீர்னு வரேன்னுட்டார். என்ன பண்றது? எல்லாம் அழகாத்தானே இருக்கு. அந்தம்மா அலமாரிக் கண்ணாடி வழியாப் பார்த்துட்டுப் போயிடும்," என்றார். அப்போதுகூட நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. பாவம், முதலாளிக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார் என்றே நினைத்தேன். ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து பார்த்துப் பார்த்து ஒரு தட்டைச் சரி செய்வதற்குள் வாசலில் குதிரை வண்டிச் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. இழுப்பறையைத் திறந்தார், அட்டைகளைப் புரட்டினார், நல்ல வேலை என்று தலையை ஆட்டினார். என் உயிர் திரும்பி வந்தது. பிறகு ஒரு அட்டையில் விரலை வைத்து, "பருத்தி விவசாயம் பற்றிய இந்தப் புத்தகத்தை எடுங்கள்," என்றார்.

அட்டையில் எண் இருந்தது. அலமாரியில் இல்லை. எல்லாம் ஒரே பழுப்பு உறை. நான் ஒவ்வொன்றாக உருவித் திறந்து பார்க்கத் தொடங்கினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டுக்குப் போனேன். என் முதுகு முழுக்க வியர்வை.

"இது என்ன கறை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

நான் பெரிய டீச்சரைப் பார்த்தேன். இப்போது சொல்வார், முதலாளிக்காக நான்தான் செய்தேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று காத்திருந்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சென்னைக்கெல்லாம் அனுப்பிப் பார்த்தேன். என்ன செய்ய? பூஜைக்கு வைத்தே ஆகணும்னு இவங்களுக்கு ஆசை. கிராமத்துப் பழக்கம், சுலபத்துல போகுமா?"

சொல்லும்போது என் தோளில் கையை வைத்திருந்தார். அன்பாகத்தான் வைத்திருந்தார். என்னால் அதை மறக்க முடியவில்லை.

"இல்லீங்க," என்றேன். "நானில்லீங்க."

இன்ஸ்பெக்ட்ரஸ் பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் லேசாகத் தலையை அசைத்து, சின்னப் பெண்ணை மன்னித்துவிடுங்கள் என்பது போலச் சிரித்தார். ஆயா கதவோரம் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் வயிறு இருக்கிறது, அவளை நான் நொந்துகொள்ளவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்குப் பழி என் தலையில் விடிந்தது.

வண்டி போன பிறகு அவர் அறைக்குப் போனேன். அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை. "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "முதலாளி பேரை அந்தம்மா கிட்டச் சொன்னா நாளைக்குக் கமிட்டியில எனக்கு இடம் இருக்குமா? என் பேரைச் சொன்னா பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேர். யாராவது ஒருத்தர் தாங்கிக்கணும். உனக்கென்ன, தையல் வகுப்பு இருக்கே. நீ சின்னவ, இன்னொரு வாய்ப்பு வரும்."

"எங்கண்ணங்கிட்ட வார்த்தை குடுத்தீங்களே."

"அவர் விவசாயி. இதெல்லாம் அவருக்கு எங்கே புரியப் போகுது?"

மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய அந்த வாய்தான் இதையும் பேசியது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறுக்கிறபோது இவ்வளவு சாந்தமாகப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நூலகர் வேலைக்கு உத்தரவு வரவில்லை. புத்தகசாலை நல்ல முறையில் அமைந்திருப்பதாகவும், பொறுப்பில் இருப்பவருக்கு மறுபடி பயிற்சி தேவை என்றும், அதுவரை தலைமையாசிரியையே நேரில் கவனிப்பது நல்லது என்றும் மேலிடத்திலிருந்து வந்தது. பெரிய டீச்சர் அதை ஆசிரியைகள் எல்லோருக்கும் முன்னால் வாசித்தார். பிறகு, பொறுப்பை ஒப்படைக்குமுன் தாள்களை மட்டும் புதிதாக ஒட்டிக் கொடுத்துவிடு என்று என்னிடம் சொன்னார். ஒட்டிக் கொடுத்தேன். ஏன் செய்தாய், மானம் ரோஷம் இல்லையா என்று கேட்பவர்கள் கேட்கலாம். அந்த நெசவுக்காரர் வீட்டுப் பெண் தினம் வந்து, "டீச்சர், எப்ப சரியாவும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒட்டினேன். எல்லாம் பழையபடி வரிசைக்கு வந்ததும் தையல் வகுப்புக்குப் போய்ப் பாவாடை மடிப்பு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம் சொல்ல வேண்டியிருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "நம்ம ஊட்டு மோரைக் குடிச்சுட்டுச் சொன்னாங்களே சாமி," என்றார். அதற்கு மேல் அவருக்கு அந்த விஷயத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை.

மறுவருஷம் சேலத்திலேயே ஒரு வாரம் பயிற்சி வகுப்பு போட்டார்கள். ஜில்லாவில் பள்ளிப் புத்தகசாலையைக் கவனிக்கிற ஆசிரியர்கள் எல்லோரும் வர வேண்டும். மறுபயிற்சி என்று என் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்ததால் நானும் போக வேண்டியதாயிற்று. ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். கூடத்தில் பெண்களைப் பின் வரிசையில் உட்கார வைத்தார்கள். சிறந்த புத்தகசாலை வைத்திருக்கிறவர் இப்போது பேசுவார் என்றார்கள். மேடைக்கு வந்தவர் எங்கள் பெரிய டீச்சர்.

நன்றாகப் பேசினார். அதில் குறை சொல்ல மாட்டேன். எண் போட்டுப் பிரிப்பது அஞ்சறைப் பெட்டி மாதிரி என்றார், கூடமே கலகலத்தது. ஒரு புத்தகத்தை எடுத்துத் தப்பான வரிசையில் செருகிக் காட்டி, இது தொலைந்த புத்தகம் என்றார். பணமில்லாவிட்டால் என்ன, எங்கள் பள்ளியில் நான் சேலை அட்டையை வெட்டிக்கொண்டேன் என்றார். ஒவ்வொன்றும் நான் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. என் கையில் உரிந்த தோலைத் தவிர மிச்சமெல்லாம் மேடையில் இருந்தது.

பிறகு சிரித்துக்கொண்டே, "எத்தனை பயிற்சி கொடுத்தாலும் சில பேருக்கு ஊர்ப் பழக்கம் போகாது," என்று ஆரம்பித்தார். பெயர் சொல்லவில்லை. பயிற்சி பெற்று வந்த ஒரு ஆசிரியை, இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற நேரத்தில், எண் எழுதின புத்தகங்களுக்கெல்லாம் சந்தனம் பூசிப் பூஜை செய்த கதையைச் சொன்னார். வியர்த்து விறுவிறுத்துப் புத்தகம் தேடினதை நடித்தே காட்டினார். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

நான் எழுந்து நின்றேன். அவர் என்னை அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன். முகம் மாறியது, ஆனால் ஒரு நொடிதான்.

"ஒரு சந்தேகமுங்க," என்றேன். "அந்தப் புத்தகங்களைப் பூஜைக்குத் தூக்கச் சொன்னது யாருங்க?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேஜை மேல் கையை வைத்துக்கொண்டு, வகுப்பில் நல்ல கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. யார் சொன்னா என்ன? புத்தகத்துக்குப் பொறுப்பு, பயிற்சி பெற்றவங்க. அவங்கதானே காப்பாத்தியிருக்கணும்? எல்லாரும் இதைக் குறிச்சுக்குங்க."

தலைகள் குனிந்தன. கூடம் முழுக்கப் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த ஆத்தூர் டீச்சர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, என்னிடம் பென்சில் இல்லை என்று நினைத்துக்கொண்டு, தன் பென்சிலை அன்பாக என் கையில் வைத்தாள்.

"எழுதிக்குங்க," என்றாள்.